நெடுந்தூரம் ஓடுகிறவர்களிடம் ஒரு உதவி: வயிறும் புரோபயாடிக்கும்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் 21 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஓடுகிறவர்களே, விவரம் வேண்டும். ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திரும்புவதால் குடலுக்குக் குறைகிறது. குமட்டலுக்கும் வயிற்றுப்பிடிப்புக்கும் அது ஒரு முக்கியக் காரணம். டெல்டா புழுக்கத்தில் இன்னும் மோசம். (ஓட்டத்துக்கு முன் இபுபுரூஃபன் வலி மாத்திரை மட்டும் போடாதீர்கள், குடலைக் கெடுக்கும்.)

இந்தத் தொல்லை குறையுமா என்று பார்க்க, போட்டிக்கு 4 வாரம் முன்பிருந்தே தினமும் புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா) கேப்சூல் எடுத்தவர்கள் உண்டா? அட்டையில் உள்ள பாக்டீரியாவின் முழுப் பெயர், ஒரு கேப்சூலில் அது எத்தனை கோடி, ஃப்ரிட்ஜில் வைத்தீர்களா என்று எழுதுங்கள். பலன் வகைக்கு வகை மாறும். பழைய சோறு, தயிரோடு நின்றவர்களும் சொல்லுங்கள். மணிக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து, எவ்வளவு தண்ணீர் என்பதும் தேவை. தண்ணீரில்லாமல் எனர்ஜி ஜெல் (ஓடும்போது சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) விழுங்கினாலே வயிறு கலக்கலாம். அதை புரோபயாடிக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.