ராபின் ராபர்ட்ஸும் அம்மா சொன்ன திருப்பதி மொட்டையும்

அமெரிக்க டிவி தொகுப்பாளர் ராபின் ராபர்ட்ஸை நான் முதலில் டிவியில் பார்த்தது 2005 ஆகஸ்ட் கடைசியில். கல்யாணமாகி நியூஜெர்சி எடிசனுக்கு வந்து நான்கு மாதம். வீட்டுக்காரர் ஏழு மணிக்கெல்லாம் ஆபீஸ் கிளம்பிவிடுவார். எனக்கு வேலை பார்க்க விசா இடம் கொடுக்காது. வீட்டில் ஏதாவது பேச்சுக்குரல் கேட்கட்டும் என்று ஏபிசி சேனலில் ‘குட் மார்னிங் அமெரிக்கா’ என்ற காலை நிகழ்ச்சியைப் போட்டு வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்ப்பேன்.

கத்ரீனா புயல் அடித்த வாரம் அது. மிசிசிப்பி கடற்கரையில் கல்ஃப்போர்ட்டிலிருந்து ராபின் நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே பாஸ் கிறிஸ்டியன்தான் அவர் வளர்ந்த ஊர், அது தரைமட்டமாகியிருந்தது. ஸ்டுடியோவிலிருந்து, உங்கள் குடும்பத்தார் கிடைத்தார்களா என்று கேட்டார்கள். அம்மாவும் வீட்டாரும் பத்திரமாக இருப்பதை அதற்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டார். ஆனால் பதில் சொல்ல வாயெடுத்ததும் உடைந்து அழுதுவிட்டார். அந்த வருடம் மே மாதம்தான் நிகழ்ச்சியின் முதன்மைத் தொகுப்பாளர்களில் ஒருவராக ஆகியிருந்தார். செய்தி சொல்கிறவள் இப்படி அழுதால் வேலை போய்விடுமே என்று பயந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நான் கையில் சோப்பு நுரையோடு டிவி முன்னால் நின்றிருந்தேன். எனக்கும் ஊரிலிருந்து போன் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அப்புறம் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்பா, இரண்டாம் உலகப்போர் காலத்து டஸ்கீகி கறுப்பின விமானிகளில் ஒருவர். கல்லூரியில் ராபின் கூடைப்பந்து வீராங்கனை. 1983-இல் படிப்பை முடித்துவிட்டு ஹேட்டிஸ்பர்க்கில் ஒரு சின்ன நிலையத்தில் விளையாட்டுச் செய்தி சொல்லப் பகுதிநேரமாகச் சேர்ந்தார், மணிக்கு 5.50 டாலர் சம்பளம். பிலாக்சி, நாஷ்வில், அட்லாண்டா என்று ஊர் ஊராக மாறி 1990-இல் இஎஸ்பிஎன் என்ற விளையாட்டுச் சேனலுக்குப் போனார். காலை நிகழ்ச்சிக்கு வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். விளையாட்டு மைதானத்திலிருந்து வந்தவர் என்பதாலோ என்னவோ, எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவார். எனக்கு ஆங்கிலம் வாயில் வந்ததே அவர் பேச்சைக் கேட்டுத்தான்.

2007-இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய். சக ஊழியர் ஜோயல் சீகல் புற்றுநோயில் இறந்தபோது, பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று நேயர்களுக்குச் சொன்னவர், அன்று இரவு தானும் பார்த்துக்கொண்டபோது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதை அப்படியே நிகழ்ச்சியில் வந்து சொன்னார். 2012 ஜூனில் இன்னொன்றும் சொன்னார்: எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் ஒழுங்காக உருவாகாத எம்டிஎஸ் என்ற நோய். முன்பு எடுத்த புற்றுநோய்ச் சிகிச்சையின் பின்விளைவாக அபூர்வமாகச் சிலருக்கு இது வரும். மஜ்ஜை எடுத்துப் பரிசோதித்த வேதனையான நாளில்தான், மறுநாள் அதிபர் ஒபாமாவைப் பேட்டி காண வேண்டும் என்ற தகவல் வந்தது. போய்ப் பேட்டி எடுத்தார். ஒருபால் திருமணத்தை ஆதரிப்பதாக ஒபாமா அறிவித்தது அந்தப் பேட்டியில்தான்.

அதே வருடம் அக்டோபரில் எனக்கும் மார்பகப் புற்றுநோய் என்றார்கள்.

டிசம்பரில் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்தார். இரண்டாவது கீமோவில் முடி கொத்துக் கொத்தாக வந்தது, அவரே மழித்துவிட்டார். ஸ்கைப்பில் பெரியத்தை என் தலையைப் பார்த்து “என்னடி இது?” என்றதும், நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, “திருப்பதிக்கு வேண்டுதல், அதான் இங்கேயே எடுத்துட்டோம்” என்றார். மொட்டைக்கு நம் வீட்டில் எப்போதும் தயாராக ஒரு காரணம் இருக்கிறது. அதற்கப்புறம் கோவிலுக்குப் போனாலும், காய்கறிக் கடைக்குப் போனாலும் தலைத்துணி நழுவினால் அம்மா கை தானாக வந்து இழுத்துவிடும். அம்மா மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை ஊரில் இருந்தாள்.

2013 பிப்ரவரி 20. 174 நாள் கழித்து ராபின் நிகழ்ச்சிக்குத் திரும்பினார். எம்டிஎஸ்ஸுக்குச் சிகிச்சையாக, செப்டம்பரில் அக்கா சாலி-ஆனின் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களை, ஊசி வழியாக ஏற்றியிருந்தார்கள். அந்த அக்காவும் அப்போது நியூ ஆர்லியன்ஸில் காலைச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். உடன்பிறந்தவர்களில் ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். மருத்துவ விடுப்பில் போன அன்றே ராபினின் அம்மா இறந்துபோயிருந்தார். விக் வைக்காமல், அரும்பு விட்ட தலையோடு அவர் உட்கார்ந்திருந்ததை அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். “இவங்களும் எடுத்துட்டாங்களா?” என்றார். “வேண்டுதல் இல்லம்மா, கேன்சர். டிவியிலேயே சொல்லிட்டாங்க” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே டிவியைப் போட்டார்.

கீமோ முடிந்தது. அம்மா ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம், மே மாதத்தில், விடிவதற்கு முன்பே மெட்ரோபார்க்கில் ரயில் ஏறி, ராபினின் நிகழ்ச்சியைப் பார்க்க நியூயார்க் போனோம். அப்போது ஸ்டுடியோ டைம்ஸ் சதுக்கத்தில் 44-ஆம் தெரு முனையில் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே கூட்டம். அம்மா புடவைக்கு மேல் என் வீட்டுக்காரரின் கோட்டைப் போட்டிருந்தார். விளம்பர இடைவேளையில் ராபின் எழுந்து நின்று வெளியே பார்த்துக் கையசைத்தார். எல்லோருக்கும்தான் அசைத்தார். டிவியில் தெரிவதைவிட நல்ல உயரம். கழுத்தருகே முடி அரை அங்குலம்கூட இல்லை. விளக்கு வெளிச்சத்தில் மண்டையின் வடிவம் தெரிந்தது. நான் தலைத்துணியை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். அம்மா கை வரவில்லை. காற்று சில்லென்று அடித்ததால் என் தலையில் உள்ளங்கையை மட்டும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி அந்த வருடம் சென்னையில் ‘தாத்ரி’ என்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவகத்தில் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவிக் கொடுத்துப் பெயரைப் பதிந்தான். நம் ஆட்கள் பதிவு செய்வது குறைவு என்பதால் நம்மவருக்குப் பொருத்தம் கிடைப்பது கஷ்டம். இன்னும் பதியாதவர்கள் போய்ப் பதியுங்கள்.

அன்று வீடு திரும்பியதும் அம்மா பெரியத்தைக்கு ஸ்கைப் போடச் சொன்னார். நலம் விசாரித்தார், மழை கேட்டார். அப்புறம் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, “அக்கா, அது வேண்டுதல் இல்ல” என்று ஆரம்பித்தார்.