கச்சான் காற்றையும் ஆட்டையும் தாங்கும் செடிகள் எவை?

வணக்கம். மாங்குளத்துப் பக்கம் எங்கள் வளவு. அங்கே அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். நான் வவுனியாவிலிருந்து கிழமைக்கு ஒரு முறை போவேன். தினமும் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

போன மாரியில் முற்றத்தில் ரோசாவும் அந்தூரியமும் வைத்தேன். தை வரை நல்ல செழிப்பு. வைகாசியில் கச்சான் காற்று தொடங்க இலைகள் கருகின, ஆவணியில் கிணறும் அடியைத் தொட எல்லாம் போய்விட்டன. (அந்தூரியத்தை வன்னி வெயிலில் வைத்த என் புத்தியை என்ன சொல்ல!) தப்பியது நித்தியகல்யாணியும் போகன்விலாவும்தான்.

அலரி வைக்கச் சொல்கிறார்கள். வறட்சி தாங்கும், ஆடும் கடிக்காது, சரி. ஆனால் இலை, பூ, வேர் எல்லாமே நஞ்சு. சின்னப் பிள்ளைகள் வந்துபோகும் வீடு, மனம் வரவில்லை. வேலியோரம் ஆடாதோடை போடலாம் என்று நினைக்கிறேன், ஆடு தொடாதென்று பேரிலேயே இருக்கிறதே.

செவ்வரத்தை, வெட்சி இரண்டும் முதல் வருடம் தாண்டிவிட்டால் கிழமைக்கு ஒரு தண்ணீரில் நிற்குமா? ஐப்பசி முதல் மழைக்கே நடுவதா, கார்த்திகைப் பெருமழை ஓய்ந்த பிறகா? எங்கள் முற்றத்தில் தண்ணீர் தேங்கும். அப்புறம், மூடாக்குக்கு வைக்கோல் நல்லதா, தென்னம்பொச்சா? வைக்கோலுக்குக் கறையான் வருமென்று அப்பா பயப்படுகிறார். வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.