ஒளிச் சிகிச்சையா, ஒளிவினைச் சிகிச்சையா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

பிறப்புறுப்பு மருவுக்கான ஒப்புதல் படிவம் ஒன்றில், மருந்து பூசி ஒளி காட்டும் 'போட்டோடைனமிக் தெரபி'யை 'ஒளிச் சிகிச்சை' என்று எழுதியிருக்கிறார்கள். இது சரிப்படாது. மஞ்சள் காமாலை வந்த பச்சைக் குழந்தையை நீல விளக்கின் கீழ்க் கிடத்துவதும் ஒளிச் சிகிச்சைதான். அங்கே மருந்து கிடையாது. இங்கே மருந்து இல்லாமல் ஒளி ஒன்றும் செய்யாது. 'ஒளிக்கதிர்ச் சிகிச்சை' என்றாலோ, புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு என்று நோயாளி பயந்துவிடுவார். 'ஒளியூக்கச் சிகிச்சை' எனலாமா?

---

> 'ஒளியூக்கச் சிகிச்சை' எனலாமா?

ஐயா, வினையை ஊக்குவது வினையூக்கி. அந்த வழியில் ஒளியூக்கம் என்றால் ஒளியை ஊக்குவது என்றாகும். லேசர் என்ற பெயரின் விரிவே ஒளிப்பெருக்கம்தான். இதே மருவுக்கு லேசர் சிகிச்சையும் உண்டு. அதையும் இதையும் பிரித்துக் காட்டத்தான் பெயர் தேடுகிறோம், அவை மறுபடி கலந்துவிடும்.

நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். மருந்தான 20% அமினோலெவுலினிக் அமிலத்தை அன்றன்றே கலக்க வேண்டும், கரைசல் நிலைக்காது. மருவிலும் சுற்றி 1 செ.மீ. தோலிலும் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, வெளிச்சம் படாமல் 3 மணி நேரம் விடுகிறார்கள். பூசிய அமிலத்துக்கு ஒளியோடு வேலையில்லை. செல் அதை உள்வாங்கிப் புரோட்டோபோர்ஃபிரினாக மாற்றுகிறது. 635 நானோமீட்டர் சிவப்பொளியை வாங்குவது அந்தப் புரோட்டோபோர்ஃபிரின். வாங்கிய ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது, கிளர்ந்த ஆக்சிஜன் செல்லைக் கொல்கிறது. ச.செ.மீ.க்கு 100 ஜூல் தேவை என்றால், அதே பரப்புக்கு 100 மில்லிவாட் தரும் விளக்கில் ஏறக்குறைய 17 நிமிடம். எரிச்சல் கடுமையாக இருக்கும். அதற்காக அட்ரினலின் கலந்த, மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டால் ரத்தக்குழாய் சுருங்கி ஆக்சிஜன் குறையும், சிகிச்சை பாழ்.

ஆக, மருந்து, ஒளி, ஆக்சிஜன் மூன்றும் கூடி நடத்தும் வேதிவினை இது. மியூனிக்கில் மருத்துவ மாணவர் ஆஸ்கர் ராப் கண்டு 1900-இல் வெளியிட்டதும் இதே வகை விளைவுதான்: அக்ரிடின் சாயத்தில் இருந்த பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி வெளிச்சம் பட்டதும் செத்தது. எனவே 'ஒளிவினைச் சிகிச்சை' என்பேன். 'டைனமிக்' என்பதற்காக 'இயக்கம்' என்று போட்டால் எது இயங்குகிறது என்று கேள்வி வரும்.

கார்பன் டை ஆக்சைடு லேசர் வேறு கதை. அதன் 10,600 நானோமீட்டர் கதிர் கண்ணுக்கே தெரியாது. தெரிகிற சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டும். செல்லில் உள்ள நீரைக் கொதிக்கவைத்து மருவை ஆவியாக்குகிறது. கருகியதை உப்புநீர் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்து இறங்க வேண்டும். புள்ளி புள்ளியாக ரத்தம் கசிந்தால் உள்தோலைத் தொட்டாயிற்று. இன்னும் ஆழம் போனால் தழும்பு. புகையில் வைரஸின் டி.என்.ஏ. இருக்கும் என்பதால் உறிஞ்சுகுழல் 5 செ.மீ.க்குள் நிற்க வேண்டும், என்95 முகக்கவசமும் வேண்டும். இதற்கு 'லேசர் ஆவியாக்கம்' போதும்.

---

'ஒளிவினை' எனக்கும் சம்மதம். ஒரு தயக்கம்: பால்வினை நோய் என்று கேட்டுக் கூசி வருபவர் காதில் 'வினை' மறுபடி விழ வேண்டுமா? ஆனாலும் வேதிவினை, எதிர்வினை எல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்தவைதானே. வைத்துக்கொள்ளலாம்.

பூசும் அமிலத்துக்கு 'முன்மருந்து', புரோட்டோபோர்ஃபிரினுக்கு 'ஒளிவினைப்பொருள்' என்று இரண்டு சொல் தேவை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், 3 மணி நேரம் எதற்குக் காத்திருக்கிறோம் என்பது விளங்காமல் போகும்.

இரண்டு சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரி போலப் படிவத்தில் வரக்கூடாது. தடித்த மருவுக்குள் மருந்தும் இறங்காது, ஒளியும் சில மி.மீ.க்கு மேல் போகாது. லேசரோ கண்ணில் பட்டதை மட்டும் எடுக்கும். சுற்றுத்தோலில் பதுங்கிய மரு வைரஸின் (எச்.பி.வி.) 6, 11 வகைகள் திரும்ப முளைக்கும். அதனால்தான் முதலில் லேசரால் மட்டம் செய்து, ரத்தத்தை நிறுத்தி (ரத்தம் ஒளியை மறைக்கும்), பிறகு மருந்து பூசுகிறார்கள்.

படிவத்துக்கு என் வரி: "லேசரால் மருவை ஆவியாக்கிய பின், அதே இடத்தில் முன்மருந்து பூசி ஒளிவினைச் சிகிச்சை தரப்படும், அதன்பின் 2 நாள் அவ்விடத்தில் வெயிலோ பலத்த விளக்கொளியோ படக்கூடாது."