ஃபைல் வாங்கும் பார்ட்டிகளின் சர்வர் விவரங்களை ஸ்கிரிப்டில் எங்கே வைப்பது?

கோத்தகிரி_லீஃப்:
எங்கள் தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஏலத்துக்குப் போகும் லாட் விவரங்களை குன்னூர் புரோக்கர்களுக்கும் குடோனுக்கும் தினமும் ராத்திரி எஸ்எஃப்டிபி (பாதுகாப்பாக ஃபைல் அனுப்பும் முறை) வழியாக அனுப்புகிறோம். ஆளுக்கொரு ஷெல் ஸ்கிரிப்ட், ஐபி, போர்ட், யூசர் எல்லாம் அதற்குள்ளேயே. ஒரு புரோக்கர் சர்வரை மாற்றிவிட்டார், பழைய ஐபி எந்தெந்த ஸ்கிரிப்டில் இருக்கிறது என்று தேடியே பாதி நாள் போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க தனி டேட்டாபேஸ் போட வேண்டுமா?

ஊட்டி_லினக்ஸ்:
டேட்டாபேஸ் வேண்டாம் நண்பரே. உங்கள் எஸ்எஃப்டிபியை ஓட்டும் ஓபன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளின் கான்ஃபிக் ஃபைலே இதற்குத்தான் இருக்கிறது. பார்ட்டிக்கு ஒரு 'ஹோஸ்ட்' பிளாக் போட்டு, அதில் ஹோஸ்ட்நேம், போர்ட், யூசர், ஐடென்டிட்டிஃபைல் (லாகின் கீ இருக்கும் ஃபைல்) எழுதிவிடுங்கள், ஸ்கிரிப்டில் 'குடோன்' மாதிரி நீங்கள் வைத்த பெயர் மட்டும் வரட்டும். எல்லோருக்கும் பொதுவான 'ஹோஸ்ட் *' பிளாக் கடைசியில்தான் வர வேண்டும், ஏனென்றால் ஒரு செட்டிங்குக்கு முதலில் கண்ணில் படும் மதிப்பையே ஓபன்எஸ்எஸ்ஹெச் எடுத்துக்கொள்ளும். எழுதி முடித்ததும் 'எஸ்எஸ்ஹெச் -ஜி' (பெரிய G) கொடுத்து அந்தப் பெயரைப் போட்டால், எந்த ஐபி, எந்த போர்ட்டுக்குப் போகும் என்று கனெக்ட் ஆகாமலே காட்டிவிடும்.

வெலிங்டன்_நெட்:
மேலே சொன்னது சரி. ஆனால் சர்வர் மாறினால் அதன் அடையாளமான ஹோஸ்ட் கீயும் மாறியிருக்கலாம், அப்போது எச்சரிக்கை வந்து ஜாப் நின்றுவிடும். உடனே அந்தக் கீயைச் சரிபார்க்கும் ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங் செட்டிங்கை 'நோ' ஆக்கச் சொல்லி நிறைய பேர் வருவார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். அது ஏலத்துக்குப் போகிற சரக்கின் விவரம், யார் சர்வரில் போய் விழுகிறது என்று தெரிய வேண்டாமா? புரோக்கர் ஆபீசுக்கு போன் போட்டு ஃபிங்கர்பிரிண்ட்டை (புதிய கீயின் சுருக்க அடையாளம்) சரிபார்த்த பிறகு பழைய கீயை நீக்கிப் புதியதைச் சேருங்கள்.

கோத்தகிரி_லீஃப்:
நன்றி. மாற்றிவிட்டேன். கையால் ஓட்டினால் போகிறது, கிரானில் (குறித்த நேரத்தில் ஜாப்பைத் தானாக ஓட்டுவது) மட்டும் 'குடோன்' என்ற பெயரே தெரியவில்லை என்கிறது.

ஊட்டி_லினக்ஸ்:
கிரான் வேறு யூசரில் ஓடுகிறது, அந்த யூசரின் வீட்டு டைரக்டரியில் உங்கள் கான்ஃபிக் இல்லை. '-எஃப்' (பெரிய F) கொடுத்து ஃபைலின் முழு பாதையைச் சொல்லுங்கள், கீ ஃபைலையும் அந்த யூசரால் படிக்க முடிய வேண்டும்.

வெலிங்டன்_நெட்:
அப்புறம், மழைக்காலத்தில் நம் மலையில் லைன் நடுவில் அறுந்தால் அரைகுறை ஃபைலை அந்தப் பக்கம் எடுத்துப் படித்துவிடுவார்கள். தற்காலிகப் பெயரில் 'புட்' செய்து (அனுப்பி), முடிந்ததும் சரியான பெயருக்கு 'ரீநேம்' செய்யுங்கள். இந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதி '-பி' (சின்ன b) கொடுத்து ஓட்டும் பேட்ச் ஃபைலில் 'புட்' தோற்றால் அதோடு நின்றுவிடும், ரீநேம் வரை போகாது. பொதுவான பிளாக்கில் சர்வர்அலைவ்இன்டர்வல் 15 (லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் விநாடி இடைவெளி) என்று போட்டால், செத்த லைனில் ஜாப் விடியும்வரை தொங்காது.