மறுமொழி: 'தாய்வழித் தாதூட்டம்' சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

பன்றி வளர்ப்போர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சினைப்பன்றிக்குத் துத்தநாகம், செம்பு, செலினியம் கொடுத்துக் குட்டியின் குடலைத் தேற்றுவது பற்றிய பாடத்துக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். நான் நினைத்திருப்பது 'சினைக்காலத் தாதூட்டம்'. வந்த மறுப்புகளுக்கு என் பதில் இதோ.

> 'தாய்வழித் தாதூட்டம்' போதுமே.

போதாது ஐயா. தாய்வழி என்றால் உறவுமுறைதான் நினைவுக்கு வரும். அதைவிட, 'வழி' என்றதும் தாய் தின்றதெல்லாம் குட்டிக்குப் போய்ச் சேரும் என்று தோன்றிவிடும். இரும்பு அப்படிச் சேர்வதில்லை. பிறக்கும்போது குட்டியின் உடம்பில் சுமார் 50 மில்லிகிராம்தான் இருக்கும். நாளுக்கு 7 முதல் 10 மில்லிகிராம் தேவை. பாலில் கிடைப்பது ஏறத்தாழ 1. தாய்த் தீவனத்தில் இரும்பைக் கூட்டினாலும் இது பெரிதாக மாறாது. சொல்லை நம்பி ஒருவர் முதல் வாரத்து இரும்பு ஊசியை விட்டுவிட்டால் குட்டிகள் சோகை பிடித்து வெளிறிப்போகும்.

> பெண்பன்றிக்குத் தொல்காப்பியத்தின் மரபியல் தரும் பெயர் பிணவு. 'பிணவூட்டம்' என்க.

புலவர் ஐயா, பன்றிக்கும் புல்வாய் என்னும் மானுக்கும் நாய்க்கும் பிணவு உரியது, பன்றிக்குட்டி குருளை என்பதெல்லாம் எனக்கும் இனிக்கிறது. 'குருளைக் குடல்நலம்' என்று எழுதி வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன். ஆனால் பண்ணையில் பிணவு என்றால் பிணம்தான் காதில் விழும். சினை இன்றும் உயிரோடிருக்கும் சொல். இலக்கணத்திலும் சினை என்றால் உறுப்பு. கருவிலிருக்கும் குட்டி தாயின் உறுப்புப் போலத்தானே? சினைக்காலம் சுமார் 114 நாள். எப்போது கொடுப்பது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

> தாது வடசொல். கனிமம் என்க.

கனிமம் பாடநூலில் பாறையோடு நிற்கிறது. தீவனக் கடையில் கேட்பது 'தாது உப்புக் கலவை'. தாது என்று மட்டும் சொன்னால் தாதுபுஷ்டி லேகியம் நினைவுக்கு வரும் என்று மருத்துவர் அம்மா சொன்னது சரி. அதனால் பாடத்தில் தாது முதலில் வரும் இடத்தில் 'தாது உப்பு' என்று உப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பால்மறந்த குட்டிகளின் கழிச்சலுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறுத்திவிட்டது. தாய்த் தீவனத்தின் மீது கவனம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தச் சொல் இனி அடிக்கடி தேவைப்படும்.

'சினைக்காலத் தாதூட்டம்' என்றே அனுப்புகிறேன். பெரும்பாலோர் ஒப்பியிருக்கிறீர்கள். புலவர் ஐயா ஒப்பவில்லை. பிணவூட்டத்தை அடிக்குறிப்பில் தருகிறேன்.

அப்புறம், குடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருப்பவற்றைக் குடலுறிஞ்சி என்றே வைக்கலாமா? வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.