பின்பக்கப் பேடில்: கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டா?

கட்டைவிரல்:
எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2, பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸ் எட்ஜ் என்ற விலையுயர்ந்த கன்ட்ரோலர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஸ்டிக்கின் உயரம், பிடிமானம், கூட வரும் பெட்டி என்று பேச்சு திசைமாறிவிடுகிறது. என் கட்சி இதுதான்: துப்பாக்கிச் சண்டை கேம்களில் அந்தக் காசுக்கு மதிப்புள்ள பாகம் பின்பக்கப் பேடில், அதாவது கன்ட்ரோலரின் பின்னால் விரலுக்கு எட்டும் கூடுதல் பொத்தான், மட்டும்தான். மற்றதெல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

வலது கட்டைவிரலுக்கு இரண்டு வேலை. குறி பார்க்கும் ஸ்டிக் ஒன்று, ஏ, பி, எக்ஸ், ஒய் பட்டன்கள் இன்னொன்று. குதிக்க ஏ-வைத் தொட்ட மாத்திரத்தில் ஸ்டிக் நடுவுக்குத் திரும்பிவிடும், குறி நின்ற இடத்திலேயே நிற்கும். எதிராளி நிற்க மாட்டான். குதித்தபடி, சறுக்கியபடி சுடுவதுதான் இன்றைய கால் ஆஃப் டூட்டியும் அபெக்ஸ் லெஜெண்ட்ஸும்.

எலைட்டுக்கு நான் சொல்லும் அமைப்பு: வலது மேல் பேடிலில் ஏ (குதித்தல்), இடது மேல் பேடிலில் பி (குனிதல், சறுக்கல்). கீழே இருக்கும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். காந்தத்தில் ஒட்டுபவைதான், இழுத்தால் வந்துவிடும்.

வெறுங்கை:
இதுக்கு 180 டாலர் எதுக்குன்னு புரியல. எலைட் 2 வந்தது 2019 நவம்பர்ல, அறிமுக விலை 179.99 டாலர். எட்ஜ் 2023 ஜனவரியில 199.99. நீங்க சொல்ற ரெண்டு வேலையையும் கேமோட மெனுவே இலவசமா செஞ்சு தருது. கால் ஆஃப் டூட்டியில பம்பர் ஜம்பர்ங்கிற பட்டன் அமைப்பைப் போட்டா குதிக்கிறது எல்பி-க்கு (இடது தோள் பட்டன்) வந்துடும், அதை அழுத்துறது ஆள்காட்டி விரல். டாக்டிகல்ங்கிற அமைப்பைப் போட்டா குனியிறது வலது ஸ்டிக்கை அமுக்குறதுக்கு வந்துடும். ரெண்டும் சேர்ந்தது பம்பர் ஜம்பர் டாக்டிகல். கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு அசையவே வேண்டாம்.

இன்னொண்ணு. கன்சோல்ல பேடில் புது பட்டன் கிடையாது. ஏற்கெனவே இருக்கிற பட்டனோட நகல்தான். எட்ஜோட பின்பட்டனும் அப்படித்தான். நகலுக்கு இவ்வளவு விலையா?

கட்டைவிரல்:
நகல்தான், மறுக்கவில்லை. அந்த நகல் எந்த விரலுக்குக் கிடைக்கிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

பம்பர் ஜம்பரில் குதித்தல் எல்பி-க்கு வரும்போது, அங்கே இருந்த ஸ்டன் மாதிரியான துணைக்குண்டு ஏ-வுக்குப் போகும். ஆக, ஸ்டன் எறியக் கட்டைவிரல் மறுபடியும் ஸ்டிக்கை விட வேண்டும். பிரச்சினை தீரவில்லை, இடம் மாறியது அவ்வளவே. தவிர, ஒரே ஆள்காட்டி விரல் எல்டி-யை (எல்பி-க்குக் கீழே உள்ள ட்ரிகர்) பிடித்துக் குறி பார்த்துக்கொண்டே எல்பி-யையும் தட்ட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி விரல் வைத்துப் பழகாதவர்களுக்கு, குதிக்கும்போது குறிக்கண்ணாடி இறங்கிவிடும்.

டாக்டிகலில் வேறு சிக்கல். வலது ஸ்டிக்கை நேர்க்கீழாக யாராலும் அமுக்க முடியாது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருக்கும்போது அமுக்கினால் ஸ்டிக் கொஞ்சம் வழுக்கும், குறியும் கூடவே வழுக்கும். தூரத்து இலக்கென்றால் அந்த வழுக்கலே குண்டைத் தவறவிடப் போதும்.

வெறுங்கை:
பழகினா வழுக்காது. ஸ்டிக் நடுவுல இருக்கிற நேரம் பார்த்து அமுக்கணும். சண்டைக்கு முன்னாடியே சறுக்கி நுழையுறவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல. சண்டை நடுவுல குனியிறவங்களுக்கு நீங்க சொல்றது பொருந்தும், ஒத்துக்கறேன்.

புதுக்கை:
அண்ணா, ஒரு சந்தேகம். பேடிலை எந்த விரலால அழுத்தணும்? நடுவிரலை வச்சா கன்ட்ரோலரைப் பிடிக்கிற பலமே போயிடுதே. அழுத்த வேண்டாம்னு நினைக்கிறப்பவும் அழுந்துது.

கட்டைவிரல்:
தம்பி, நடுவிரல்தான். ஆனால் பிடிமானத்தை மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் மாற்ற வேண்டும். அவை இரண்டும் கைப்பிடியைச் சுற்றி உள்ளங்கையோடு சேர்த்துப் பிடிக்கட்டும். நடுவிரலின் முதல் கணு மடங்கும் இடம் பேடில் மேல் சும்மா படிந்திருக்கட்டும். விரல் நுனியால் அழுத்தினால் முழு விரலும் நீண்டு சீக்கிரம் களைத்துவிடும்.

வேண்டாத நேரத்தில் அழுந்துவது பெரும்பாலும் கீழ்ப் பேடில்களில்தான் நடக்கும். மோதிரவிரல் இயல்பாக இருக்கும் இடம் அது. சண்டை சூடானதும் கை இறுகும், இறுகினால் பேடில் அழுந்தும். கீழே இரண்டையும் கழற்றச் சொன்னது அதற்காகத்தான். முதலில் குதித்தல் மட்டும் வையுங்கள். கை யோசிக்காமல் அதைச் செய்ய ஆரம்பித்த பிறகு சறுக்கலைச் சேருங்கள். நான்கையும் ஒரே நாளில் மேப் செய்பவர்கள்தான் வெறுத்துப்போய்ப் பழைய கன்ட்ரோலருக்கே திரும்புகிறார்கள்.

நாலுபேடில்:
கழற்றச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வலது கட்டைவிரலைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், இடதை மறந்துவிட்டீர்கள். டி-பேடை, அதாவது திசைப் பொத்தான்களை, தொடும் ஒவ்வொரு முறையும் இடது கட்டைவிரல் நடக்கும் ஸ்டிக்கை விடுகிறது. அபெக்ஸில் மருந்து போடுவது டி-பேடின் மேல் பொத்தான். அதை இடது கீழ்ப் பேடிலுக்குக் கொண்டுவந்தால் ஓட்டத்தை நிறுத்தாமல் மருந்தை ஆரம்பிக்கலாம். திறந்தவெளியில் ஒரு கணம் அசையாமல் நிற்பதும் நிற்காததும் ஒன்றல்ல.

வலது கீழ்ப் பேடிலுக்கு எல்3 (இடது ஸ்டிக்கை அமுக்குவது). ஓட ஸ்டிக்கை அமுக்கும் வேலை குறைந்தால் ஸ்டிக்குக்கும் ஆயுள் கூடும்.

அழுந்திவிடும் என்ற பயத்துக்கு மருந்து உண்டு: தவறி அழுந்தினாலும் நஷ்டம் இல்லாத வேலையை மட்டும் கீழே வையுங்கள். கைக்குண்டு, கத்திக்குத்து, ஆயுதம் மாற்றுவது, இந்த மூன்றையும் கீழே வைக்கவே கூடாது.

இன்னும் பட்டன் போதவில்லை என்றால் எலைட்டில் ஷிஃப்ட் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் ஆக்சஸரீஸ் செயலியில் ப்ரொஃபைலை (சேமித்து வைக்கும் பட்டன் அமைப்பு) திறந்து ஒரு பேடிலுக்கு ஷிஃப்ட் என்று கொடுங்கள். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஏ, பி, எக்ஸ், ஒய் நான்கும் டி-பேடின் நான்கு திசைகளாக வேலை செய்யும்படி அமைக்கலாம். கட்டைவிரல் அசைவு குறைவாக உள்ளவர்களுக்கு இது வசதி மட்டுமல்ல, விளையாட முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசம்.

கட்டைவிரல்:
மருந்து போடுவது பற்றிச் சொன்னது சரி. அந்த ஒன்றுக்காக இடது கீழ்ப் பேடிலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எல்3-யைப் பின்னால் கொண்டுபோவது தேவையில்லை, இந்த கேம்களில் தானாக ஓடும் ஆப்ஷன் மெனுவிலேயே உண்டு.

திருப்புளி:
கழற்றி மாட்டும் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சில விஷயங்கள். பேடில் என்பது ஒரு நெம்புகோல்தான். உள்ளே உள்ள சின்னச் சுவிட்சை அது தள்ளுகிறது. அது கெட்டுப்போய் வருவது குறைவு, கழன்று தொலைந்துபோவதுதான் அதிகம். கன்ட்ரோலரைப் பையில் போடும் முன் கழற்றிப் பெட்டியில் வையுங்கள்.

உண்மையில் முதலில் சாவது ஸ்டிக். எலைட் 2, எட்ஜ் இரண்டிலுமே ஸ்டிக்கின் அடியில் இருப்பது பொட்டன்ஷியோமீட்டர். கார்பன் தடத்தின் மேல் ஒரு தொடுமுனை உரசிக்கொண்டே இருக்கும். தடம் தேய்ந்தாலோ துகள் சேர்ந்தாலோ ட்ரிஃப்ட், ஸ்டிக்கைத் தொடாமலேயே குறி ஊரும். விலை எவ்வளவு கொடுத்திருந்தாலும் இந்தத் தேய்மானம் நிற்காது. எலைட்டில் அந்தப் பாகம் போர்டோடு ஈயப்பற்று வைத்தது. ஒரு ஸ்டிக்குக்கு 14 இடத்தில் பற்றை எடுக்க வேண்டும், சூடு அதிகமானால் போர்டின் தடமே உரிந்துவிடும். எட்ஜில் பின்னால் உள்ள ரிலீஸ் பொத்தானைத் தள்ளினால் முன்மூடி கழன்றுவிடும். உள்ளே சிறு கொக்கியைத் தூக்கி ஸ்டிக் பாகத்தை அப்படியே உருவி எடுத்து வேறொன்றை மாட்டலாம். பற்று வைக்கும் வேலையே இல்லை, அந்தப் பாகம் தனியாக விற்கப்படுகிறது, அறிமுக விலை 19.99 டாலர். ஆனால் எட்ஜின் பேட்டரி 1050 எம்ஏஹெச், சாதா டூயல்சென்ஸில் 1560. விளையாட்டு நீளும் நாளில் வயரோடுதான் உட்கார வேண்டியிருக்கும்.

வெறுங்கை:
நான் சொல்ல வந்ததும் அதுதான். கேம்சர் ஜி7 எஸ்இ கன்ட்ரோலர் அறிமுகமானப்போ 45 டாலர் அளவுதான். வயர் போட்டது. ஹால் எஃபெக்ட் ஸ்டிக், காந்தத்தை வச்சு அளக்குது, உரசுற தடமே கிடையாது. பின்னாடி ரெண்டு பட்டன், வேண்டாம்னா பூட்டிக்கலாம். எக்ஸ்பாக்ஸ் உரிமம் வாங்கினதும்கூட. அந்த உரிமம் முக்கியம், ஏன்னா 2023 நவம்பர்லேர்ந்து உரிமம் இல்லாத கன்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸ் தடுக்குது, 0x82D60002-ன்னு பிழை காட்டும். கட்டைவிரல் அண்ணன் சொல்ற ரெண்டு பேடில் வேலையும் இதுலயே முடிஞ்சுடுது.

திருப்புளி:
பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலை உயர்ந்ததற்குப் பின்னால் காப்புரிமைக் கதையும் இருக்கிறது. பேடில் கன்ட்ரோலர் தயாரிக்கும் ஸ்கஃப் தரப்பின் அயர்ன்பர்க் நிறுவனத்திடம் பின்பக்கக் கட்டுப்பாடுகளுக்கான காப்புரிமைகள் இருந்தன. எலைட்டுக்காக மைக்ரோசாஃப்ட் உரிமம் வாங்கியது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கன்ட்ரோலர் அந்தக் காப்புரிமையை மீறியதாக 2021 பிப்ரவரியில் அமெரிக்க ஜூரி முடிவு செய்து, வால்வ் 40 லட்சம் டாலர் தர வேண்டும் என்றது. ஆகவே அந்த விலையில் பிளாஸ்டிக்கும் காந்தமும் மட்டும் அடங்கியிருக்கவில்லை.

கியர்மாற்று:
எல்லோரும் சுடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கார் பந்தய கேமான ஃபோர்ஸாவில் மேனுவல் கியர் ஓட்டுகிறவர்களுக்கு வலது பேடிலில் கியர் ஏற்றம் (பி), இடது பேடிலில் இறக்கம் (எக்ஸ்). நிஜக் காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் அதே ஒழுங்கு, வலது கை கூட்டும், இடது கை குறைக்கும். வலது கட்டைவிரல் ஸ்டிக்கால் சுற்றிப் பார்க்க மிச்சம்.

ஆனால் ட்ரிகர் பூட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள். எலைட்டின் பின்னால் ட்ரிகர் ஆழத்துக்கு மூன்று நிலை உண்டு, எட்ஜிலும் அப்படியே. சுடும் கேமுக்குக் குறைந்த ஆழம் சரி. காரில் பிரேக் என்பது எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதுதான். ஆழம் குறைந்தால் 40 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் இடையே விரலுக்குக் கிடைக்கும் தூரமும் அதே அளவு சுருங்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். காருக்கு ஒரு ப்ரொஃபைல், துப்பாக்கிக்கு ஒரு ப்ரொஃபைல் என்று பிரித்துவிடுங்கள். எலைட்டில் மூன்று சேமிக்கலாம், நடுவில் உள்ள பொத்தானைத் தட்டினால் மாறும். எட்ஜில் எஃப்என் பொத்தானோடு முக்கோணம், வட்டம், எக்ஸ், சதுரம் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்து அழுத்தினால் மாறும். ஆனால் ப்ரொஃபைல் மாறினால் பூட்டு மாறாது. அது கையால் தள்ளும் சுவிட்ச். கார் ஓட்ட உட்காரும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலுபேடில்:
ஸ்டிக் கர்வ், அதாவது ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினால் எவ்வளவு வெளியே போகும் என்ற கணக்கு, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கன்ட்ரோலரிலேயே கர்வ் வைத்துவிட்டால் எந்த கேமுக்குப் போனாலும் ஒரே கை, ஒரே பழக்கம். எலைட்டில் டிலே, அக்ரெஸிவ், இன்ஸ்டன்ட், ஸ்மூத் எல்லாம் இருக்கிறது.

கட்டைவிரல்:
இதில் உங்களோடு முழுக்க முரண்படுகிறேன். ஒரே கை கிடைக்காது, ஒவ்வொரு கேமிலும் வேறு வேறு கைதான் கிடைக்கும். ஏனென்றால் கேமுக்குள்ளும் கர்வ் இருக்கிறது. உங்கள் கர்வின் மேல் அது இன்னொரு முறை ஏறும்.

கணக்குப் பாருங்கள். ஸ்டிக் தள்ளலை அப்படியே வர்க்கம் செய்யும் கர்வ் என்று வையுங்கள். பாதி தள்ளினால் 25 சதவீதம் வெளியே வரும். அதே மாதிரி கர்வ் கேமிலும் இருந்தால் 25 சதவீதம் 6.25 ஆகிவிடும். பாதி தள்ளியும் குறி ஊர்கிறது என்று சென்சிட்டிவிட்டியை ஏற்றுவீர்கள், விளிம்பில் அது பாய ஆரம்பிக்கும்.

டெட்ஜோனும், அதாவது நடுவில் ஸ்டிக் அசைந்தாலும் கணக்கில் வராத பகுதியும், அப்படியே. எட்ஜில் ஸ்டிக் டெட்ஜோன் வைக்கலாம். கன்ட்ரோலரில் 10, கேமில் 10 வைத்தால் 10 என்று நினைக்காதீர்கள். முதல் 10-ஐ வெட்டிவிட்டு மீதியை 0 முதல் 100 வரை நீட்டும் கன்ட்ரோலரென்றால், கேம் மறுபடியும் 10 வெட்டும்போது உங்கள் விரல் 19 சதவீதம் தள்ளியாக வேண்டும். நுணுக்கமான குறியெல்லாம் அந்த 19-க்குள்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது: கன்ட்ரோலரில் கர்வ் டிஃபால்ட், டெட்ஜோன் 0. கேமில் டெட்ஜோனை 0-க்கு இறக்குங்கள். ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுக்கத் தள்ளித் திடீரென்று விடுங்கள், எட்டுத் திசையிலும். குறி ஊர்ந்தால் 1 கூட்டி மறுபடி பாருங்கள். ஊர்வது நின்ற எண்ணோடு இன்னும் 1 கூட்டி நிறுத்துங்கள். இரண்டு ஸ்டிக்குக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி தேயாது. அந்த எண் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனால் திருப்புளி சொன்ன தேய்மானம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நாலுபேடில்:
கர்வ் ஆப்ஷனே இல்லாத கேம்கள் நிறைய இருக்கின்றனவே. அங்கே கன்ட்ரோலர்தான் கதி.

கட்டைவிரல்:
அங்கே வையுங்கள், ஆனால் அதற்கென்று தனி ப்ரொஃபைலில். எல்லாவற்றுக்கும் பொதுவாக வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

புதுக்கை:
அண்ணா, பிசியில, கேம் வாங்கி ஆடுற ஸ்டீம் செயலியில பேடிலுக்கு கீபோர்டு பட்டன் கொடுக்கலாம்னு சொல்றாங்களே? நகல் இல்லாம தனி பட்டனாவே?

திருப்புளி:
கொடுக்கலாம். ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பில் எக்ஸ்பாக்ஸுக்கான கூடுதல் ட்ரைவரை நிறுவி, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். அதன்பின் நான்கு பேடிலும் தனித்தனியாகத் தெரியும். அப்போது எலைட்டை ப்ரொஃபைல் விளக்கு எதுவும் எரியாத நிலையில் வையுங்கள். உள்ளே மேப் செய்த ப்ரொஃபைல் ஓடினால் பேடில் எங்கே, ஏ எங்கே என்று குழப்பம் வரும். எட்ஜின் பின்பட்டனையும் ஸ்டீம் தனியாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு எச்சரிக்கை: ஒரே அழுத்தலில் பல செயல்களைக் கோத்து ஓடவிடும் மேக்ரோ, தானாகத் தட்டும் டர்போ, இவற்றைப் போட்டிகளில் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். ஒரு பேடில், ஒரு செயல் என்று வைத்தால் பிரச்சினை இல்லை.

வெறுங்கை:
அப்போ பிசியில பேடில் உண்மையிலேயே புது பட்டன். அதுக்குக் காசு கொடுக்கிறதை எதிர்க்க மாட்டேன். கன்சோல்ல ஆடுறவங்களுக்கு என் பேச்சு மாறல: முதல்ல கேம் மெனுவுல பம்பர் ஜம்பர் டாக்டிகல் போட்டுப் பழகுங்க. அதுலயும் ஸ்டன் எறியக் கட்டைவிரல் தடுக்குதுன்னா ரெண்டு பின்பட்டன் இருக்கிற 45 டாலர் கன்ட்ரோலர். அதுக்கும் மேல டி-பேடு பின்னாடி வந்தே ஆகணும்னா மட்டும் எலைட்.

நாலுபேடில்:
டி-பேடு பின்னால் வந்தே ஆக வேண்டும்.