யூரிக் அமிலம்: மூலிகைச் சாறு மாத்திரைக்கு ஈடாகுமா?

மேலூர்வாசி:
வணக்கம். கால் பெருவிரல் மூட்டு வீங்கிச் சிவந்ததால் அப்பாவை மதுரையில் மருத்துவரிடம் காட்டினோம். யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 8.4 மில்லிகிராம் இருந்ததால் அதைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்பாவோ கீழமாசி வீதியில் வாங்கிய முடக்கத்தான் பொடியும் கொல்லையில் முளைக்கும் கீழாநெல்லியும் போதும் என்கிறார். சாந்தைன் ஆக்சிடேஸ் என்னும் நொதியை மூலிகைச் சாறுகள் தடுப்பதாக ஆய்வுகள் உள்ளன, மாத்திரையும் அதைத்தானே செய்கிறது என்று தங்கையும் அவருக்குத் துணை நிற்கிறாள். மாத்திரையை நிறுத்தலாமா?

உயிர்வேதியியல் ஆசிரியர்:
நிறுத்த வேண்டாம். தங்கை படித்தது பொய்யன்று. ஆனால் அது சோதனைக் குழாய்க்குள் நிகழ்வது. உடலில் உருவாகும் ஹைப்போசாந்தைன் என்னும் பொருளைச் சாந்தைனாகவும், சாந்தைனை யூரிக் அமிலமாகவும் மாற்றுவது அந்த ஒரே நொதிதான். பசும்பாலிலிருந்து பிரித்த நொதியோடு சாந்தைனைச் சேர்த்து, உருவாகும் யூரிக் அமிலம் ஒளியை உறிஞ்சும் 295 நானோமீட்டர் அலைநீளத்தில் உறிஞ்சல் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளப்பார்கள். சாறு சேர்த்ததும் அந்த வேகம் குறைந்தால் தடுப்பு என்று எழுதுவார்கள். சாற்றிலுள்ள டானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை; சாறே அந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுவதும் உண்டு. ஆகவே கவனமான கட்டுப்பாட்டுச் சோதனைகள் இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

உண்மையாகவே தடுக்கும் குவெர்செட்டின் போன்ற தாவரப் பொருள்களும் குடலிலும் கல்லீரலிலும் பெருமளவு உருமாறிவிடுவதால், குழாயில் வேலை செய்த செறிவு இரத்தத்தில் கிடைப்பது அரிது. அல்லோபியூரினாலின் நிலை வேறு: நொதியே அதை ஆக்சிபியூரினாலாக மாற்றுகிறது, அது நொதியை இறுகப் பற்றிக்கொள்கிறது. எலிச் சோதனையையும் அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. யூரிக் அமிலத்தைச் சிதைக்கும், நம்மிடம் இல்லாத யூரிகேஸ் என்னும் நொதி எலிக்கு இருப்பதால், பொட்டாசியம் ஆக்சோனேட் கொடுத்து அதை முடக்கிய பிறகே யூரிக் அமிலத்தை ஏற்றிப் பார்க்கிறார்கள்.

சித்த மருத்துவர், திருமங்கலம்:
ஆசிரியர் சொன்னதோடு உடன்படுகிறேன். முடக்கத்தானை மூட்டு வலிக்கு நாங்கள் தருவது மரபு; வலி தணிவது வேறு, யூரிக் அமிலம் இறங்குவது வேறு. கீழாநெல்லியிலுள்ள லிக்னான்கள் என்னும் வேதிப்பொருள்கள் எலிகளில் யூரிக் அமிலத்தைக் குறைத்ததற்கு, நொதித் தடுப்பைவிடச் சிறுநீர் வழியே அது கூடுதலாக வெளியேறியதே முதன்மைக் காரணமாகக் காணப்பட்டது. சிறுநீரகக் கல் உள்ளவருக்கு, அதிலும் நம் மதுரை வெயிலில் போதிய தண்ணீர் குடிக்காதவருக்கு, அந்த வழி நல்லதன்று. நொதியைத் தடுப்பது ஒன்றே தகுதி என்றால் நச்சுச் செடிகளையும் அரைத்துக் குடிக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

மேலூர்வாசி:
நன்றி ஐயா. மாத்திரையோடு முடக்கத்தான் தோசை சாப்பிடலாமா? மாத்திரை தொடங்கிய பின்பும் ஒருமுறை வலி வந்ததால் அது வேலை செய்யவில்லை என்று அப்பா நினைக்கிறார்.

மருந்தாளுநர்:
யூரிக் அமிலம் இறங்கத் தொடங்கும்போது மூட்டில் படிந்த படிகங்கள் கலைவதால் முதல் சில மாதங்களில் வலி மீண்டும் வரலாம். அதைக் கண்டு நிறுத்துபவர்களே மிகுதி. தோசை உணவுதான், செறிவூட்டிய பொடியும் சாறும் என்றால் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். நோயெதிர்ப்பாற்றலை அடக்கும் அசாதியோப்ரின் மருந்தை உட்கொள்பவர் என்றால் அல்லோபியூரினாலே ஆபத்தாகலாம், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உடலில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ தோன்றினால் மட்டும் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மற்றபடி, இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை அளவை அவர் படிப்படியாகக் கூட்டுவார்.